ஒரே பென் டிரைவில் பல இயங்குதளங்கள்: கோப்புறைகளை ஒழுங்காக அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல இயங்குதளங்களை ஒரே பென் டிரைவில் வைத்துக்கொள்வது இப்போது எளிது. வென்டாய் என்ற கட்டற்ற மென்பொருளை அதில் நிறுவிவிட்டு, ஐ.எஸ்.ஓ. கோப்புகளை (ஓர் இயங்குதளத்தின் நிறுவல் வட்டு முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) பிரிக்காமல் அப்படியே நகலெடுத்தால் போதும். அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கும்போது எல்லாம் ஒரு மெனுவில் வரிசையாக வந்து நிற்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு கோப்புகள் சேர்ந்ததும் எது எந்தக் கணினிக்கு, எது காலாவதியானது, எதைத் தொட்டால் வட்டு அழியும் என்பது யாருக்கும் விளங்காத ஒரு நீண்ட பட்டியல்தான் மிஞ்சுகிறது.

அந்த மெனுவை நீங்கள் பார்க்கும் வேளையில் உங்கள் முன்னே இருப்பது பெரும்பாலும் இயங்காத கணினி. இணையம் இருக்காது. தேடிப் பார்க்க வசதி இருக்காது. கணினிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் கவலையோடு நின்றுகொண்டிருப்பார். ஆகவே கோப்புறைகளை உங்கள் மேசைக் கணினியில் பார்க்க அழகாக இருக்கும்படி அடுக்காதீர்கள். அந்தக் கறுப்புத் திரையில் தவறாமல் தேர்ந்தெடுக்க முடிகிற மாதிரி அடுக்குங்கள். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்திலிருந்து வருபவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். சில படிகளைப் பின்னால் தள்ளினால் செய்த வேலையைக் கலைத்து மறுபடியும் செய்ய நேரும்.

ஒரு குறிப்பு: கோப்புறைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பென் டிரைவில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இட வேண்டும். காரணம் ஆறாம் படியில் வருகிறது.

முன்கூட்டியே தேவைப்படுபவை

குறைந்தது 32 ஜி.பி. பென் டிரைவ், 64 ஜி.பி. இருந்தால் நிம்மதி. விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ. மட்டுமே 5 ஜி.பி.க்கு மேல் வரும். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஏறத்தாழ 6 ஜி.பி. லினக்ஸ் மின்ட் 22 மூன்று ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. வட்டைப் பிரிக்கும் ஜிபார்ட்டட், வட்டை நகலெடுக்கும் குளோன்சில்லா போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் அரை ஜி.பி. அளவில் அடங்கிவிடும். யு.எஸ்.பி. 3 வேகம் கொண்ட டிரைவாக இருப்பது நல்லது. வேகம் குறைந்த டிரைவில் லினக்ஸைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கும்போது, கணினி பழுதா, டிரைவ் மந்தமா என்று பிரித்தறிய முடியாது.

இதோடு, எல்லாம் நல்ல நிலையில் இயங்கும் ஒரு கணினியும், பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவற்றை வேறிடத்தில் எடுத்துவைக்க இடமும், ஒரு தாளும் பேனாவும் வேண்டும். தாளைச் சும்மா சொல்லவில்லை.

1. முதலில் தாளில் பட்டியல் போடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ.க்களைப் பதிவிறக்குவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கிடைத்ததையெல்லாம் இறக்கி, இறக்கியதையெல்லாம் போட்டு, கடைசியில் இடம் போதவில்லை என்று முக்கியமானதை நீக்குகிறார்கள்.

முதலில் எழுத வேண்டியது இயங்குதளங்களின் பெயர்களை அல்ல, நீங்கள் கையாளப்போகும் கணினிகளை. அவற்றில் எத்தனை 64 பிட், எத்தனை 32 பிட்? ரேம் எவ்வளவு? கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரல் பழைய பயாஸா, புதிய யு.இ.எஃப்.ஐ.யா? இந்தப் பதில்கள்தான் எது தேவை என்பதைத் தீர்மானிக்கின்றன. விண்டோஸ் 11 முறைப்படி நிறுவ 4 ஜி.பி. ரேமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உபுண்டு 17.10 முதலே 32 பிட் டெஸ்க்டாப் ஐ.எஸ்.ஓ. வெளியாவதில்லை. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பி.சி.க்கான நிறுவல் கோப்பே இல்லை. அதற்கு டெபியன் 12-தான் கடைசி. தமிழ்நாட்டில் முன்பு மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அரசு மடிக்கணினிகளை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அவற்றில் 2 ஜி.பி. ரேம் மட்டுமே உள்ளதை எடுத்து வந்தால், உபுண்டு 24.04-ஐக் கையில் வைத்துக்கொண்டு பயனில்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த ஒன்று வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொன்றின் எதிரேயும் "இது எப்போது தேவைப்படும்?" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாதவற்றை அடித்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதை வைத்துக்கொள்வதானால், ஏற்கெனவே அது ஓடும் கணினியைப் பழுதுபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக நிறுவ வேண்டாம்.

2. டிரைவைச் சோதித்துவிட்டு வென்டாயை நிறுவுங்கள்

மலிவாகக் கிடைக்கும் பென் டிரைவ்களில், உறையில் எழுதியிருக்கும் கொள்ளளவு உண்மையில் இல்லாத போலிகள் உண்டு. அவை நிரம்பும்வரை ஒழுங்காகவே நடந்துகொள்ளும். அதன்பின் எழுதப்படுபவை சத்தமில்லாமல் பாழாகும். லினக்ஸில் எஃப்3 என்ற கருவி டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். முதலிலேயே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், பிறகு செய்தால் காலி இடத்தை மட்டுமே சோதிக்க முடியும்.

அடுத்து வென்டாய். அதன் நிறுவல் கருவியில் "இன்ஸ்டால்", "அப்டேட்" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். இன்ஸ்டால் அழுத்தினால் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். அப்டேட் அழுத்தினால் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்க, வென்டாய் மட்டும் புதுப்பிக்கப்படும். பிற்காலத்தில் புதிய பதிப்பு வரும்போது அவசரத்தில் இன்ஸ்டாலை அழுத்திவிட்டு, சேர்த்துவைத்ததையெல்லாம் இழப்பவர்கள் ஏராளம். எந்த டிரைவைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்பதையும் கொள்ளளவை வைத்து இருமுறை பாருங்கள். வெளி ஹார்டு டிஸ்க் ஏதாவது இணைத்திருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

நிறுவிய பின் டிரைவில் இரண்டு பார்ட்டிஷன்கள் (தனித்தனிப் பகுதிகள்) இருக்கும். பெரியது உங்களுக்கு. 32 எம்.பி. அளவுள்ள சின்னது வென்டாய்க்கு. அதற்குள் எதையும் வைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பெரிய பார்ட்டிஷன் இயல்பாக எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் அமையும். அதை ஃபேட்32 ஆக மாற்றாதீர்கள். ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, விண்டோஸ் ஐ.எஸ்.ஓ. பாதியில் நின்றுவிடும்.

3. மேல்மட்டத்தில் ஐந்தே கோப்புறைகள்

டிரைவைத் திறந்ததும் கண்ணில் படும் மேல்மட்டத்தில் இவை போதும்:

ஐஎஸ்ஓ: கணினியைத் தொடங்கக்கூடிய கோப்புகள் மட்டும்.
வென்டாய்: அமைப்புக் கோப்பும் அது சார்ந்தவையும். இந்தப் பெயரை வென்டாய் மென்பொருளே எதிர்பார்க்கிறது. ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது, எல்லாம் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும்.
டிரைவர்ஸ்: விண்டோஸ் நிறுவும்போது தேவைப்படும் வன்பொருள் இயக்கிகள்.
பெர்சிஸ்ட்: லைவ் லினக்ஸில் (வட்டில் நிறுவாமல் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) செய்யும் மாற்றங்களைச் சேமிக்கும் கோப்புகள்.
டேட்டா: மற்ற எல்லாம். ஒருவருடைய கணினியிலிருந்து மீட்டெடுத்த படங்கள்கூடத் தற்காலிகமாக இங்கேதான்.

இப்படிப் பிரிப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. நாம் எந்த ஏற்பாடும் செய்யாவிட்டால் வென்டாய் பெரிய பார்ட்டிஷன் முழுவதையும், ஒவ்வொரு உட்கோப்புறையாக, துழாவும். ஐ.எஸ்.ஓ. மட்டுமல்லாமல் ஐ.எம்.ஜி., விம், வி.எச்.டி., இ.எஃப்.ஐ. வகைக் கோப்புகளையும் தொடங்கக்கூடியவை என்று கருதி மெனுவில் சேர்த்துவிடும். மடிக்கணினியின் பயாஸ் புதுப்பிப்புத் தொகுப்பை விரித்து வைத்திருந்தால், அதற்குள் இருக்கும் இ.எஃப்.ஐ. கோப்பு விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கான ஐ.எம்.ஜி. கோப்பும் அப்படியே. சாதாரணக் கணினியில் அதைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் தொடங்காது. பார்ப்பவர் டிரைவே பழுது என்று நினைப்பார்.

4. தேடல் எல்லையை இப்போதே குறுக்குங்கள்

கோப்புகளை நகலெடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டவர்கள், மெனு குழம்பிய பின் கோப்புகளை அங்குமிங்கும் நகர்த்தி, அதனால் பாதைகள் மாறி, வேறு அமைப்புகளையும் உடைத்துக்கொள்கிறார்கள்.

வென்டாயோடு பிளக்சன் என்ற துணைக்கருவி வருகிறது. அதை இயக்கினால் அமைப்புப் பக்கம் உங்கள் பிரவுசரிலேயே திறக்கும், இணையம் தேவையில்லை. பொதுக் கட்டுப்பாடுகள் பக்கத்தில் "டிஃபால்ட் சர்ச் ரூட்" என்று முடியும் அமைப்பைத் தேடி, ஐஎஸ்ஓ கோப்புறையின் பாதையை அதில் கொடுங்கள். இனி வென்டாய் அந்த ஒரு கோப்புறைக்குள் மட்டுமே பார்க்கும். மெனு சுத்தமாக இருப்பதோடு, டிரைவில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தாலும் மெனு சட்டென்று வரும்.

அதே பக்கத்தில் "டிஃபால்ட் மெனு மோட்" என்று முடியும் அமைப்பை 1 ஆக்குங்கள். இயல்பில் வென்டாய் எல்லாக் கோப்புறைகளையும் கரைத்து ஒரே பட்டியலாகக் காட்டும். 1 என்று வைத்தால் கோப்புறை மரமாகக் காட்டும். இதைச் செய்யாதவரை நீங்கள் பார்த்துப் பார்த்து அமைக்கும் கோப்புறைகள் மெனுவில் தெரியவே தெரியாது. மெனு திரையில் இருக்கும்போதே மாற்றிப் பார்க்க எஃப்3 விசையும் உண்டு. (மேலே சொன்ன சோதனைக் கருவிக்கும் இந்த விசைக்கும் தொடர்பில்லை.)

மெனுவுக்கு நேரக்கெடு வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கும். அதைத் தொடாதீர்கள். கெடு முடிந்ததும் தேர்வில் நிற்பது தானாகத் தொடங்கிவிடும். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு நிறுவல் தொடங்குவது நல்லதல்ல.

ஐஎஸ்ஓ கோப்புறைக்குள்ளேயே ஏதாவது ஒரு உட்கோப்புறையை மட்டும் மறைக்க வேண்டுமானால், அதற்குள் புள்ளியில் தொடங்கி "வென்டாய்இக்னோர்" என்று ஆங்கிலத்தில் முடியும் பெயருள்ள ஒரு காலிக் கோப்பை வையுங்கள். அந்தக் கோப்புறையும் அதன் கீழ் உள்ளவையும் மெனுவிலிருந்து விலகிவிடும். விண்டோஸில் இந்தப் பெயருக்குப் பின்னால் நோட்பேட் தானாக டெக்ஸ்ட் வால் ஒன்றைச் சேர்த்துவிடும்; கோப்பு வகைகளின் பெயர் தெரியும்படி எக்ஸ்புளோரரை மாற்றிக்கொண்டு, வால் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

5. உட்கோப்புறைகள்: தீங்கு குறைந்தது முதலில்

இந்தப் படியில்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

மெனு ஆங்கில அகர வரிசையில்தான் வரும். எனவே வரிசையை நாமே தீர்மானிக்கப் பெயரின் தொடக்கத்தில் இரண்டு இலக்க எண் இடுகிறோம். நான் பரிந்துரைக்கும் அடுக்கு இது:

10-ரெஸ்க்யூ
20-லினக்ஸ்
30-ஓல்ட்
40-விண்டோஸ்
90-டெஸ்ட்

மீட்புக் கருவிகள் ஏன் முதலில்? பழுதான கணினியோடு வருபவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அவைதான். அதைவிட முக்கியமான காரணம், அவசரத்தில் என்டர் விசையைத் தட்டினாலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போன்ற ஒன்று தொடங்குவதால் யாருக்கும் இழப்பில்லை. லினக்ஸ் அடுத்தது. மின்ட், உபுண்டு போன்றவை லைவாகத் தொடங்கி, நாம் நிறுவச் சொல்லும்வரை வட்டைத் தொடாமல் இருக்கும். விண்டோஸ் நிறுவல் நேராக நிறுவும் திரைக்கே செல்வதால் அது கீழே. ஆபத்து கூடக் கூட மெனுவில் கீழே இறங்கும் என்ற விதி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், புதிதாக எது வந்தாலும் எங்கே வைப்பது என்ற குழப்பம் இருக்காது.

எண்களுக்கிடையே பத்துப் பத்தாக இடைவெளி விடுவது, பின்னால் 25 என்று ஒன்றை நுழைக்க வேண்டியிருந்தால் மற்றவற்றின் பெயரை மாற்றாமல் இருப்பதற்கு. பெயரை மாற்றினால் பாதை மாறும். பாதை மாறினால் அமைப்புக் கோப்பில் எழுதியவை செல்லாமல் போகும்.

"லைவ்" என்றும் "இன்ஸ்டால்" என்றும் இரண்டு கோப்புறைகள் வைப்பதை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். அதைத் தவிருங்கள். ஒரே மின்ட் ஐ.எஸ்.ஓ. இரண்டு வேலையையும் செய்கிறது. எதில் வைப்பது என்று தெரியாமல் இரண்டிலும் வைத்தால் 3 ஜி.பி. வீண், பின்னால் ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறப்பது நிச்சயம். நிறுவனத்தின் பெயர், டெஸ்க்டாப் வகை, பதிப்பு எனக் கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்குவதும் வேண்டாம். அம்பு விசையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று மட்டம் இறங்கி ஏறுவது எரிச்சல் தரும். ஐஎஸ்ஓவுக்குக் கீழே ஒரே ஒரு மட்டம் போதும்.

30-ஓல்ட் கோப்புறையின் வரையறை கறாராக இருக்கட்டும்: 32 பிட் கணினிக்கும், 2 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த ரேம் உள்ள கணினிக்கும் உரியவை மட்டும். "பழைய பதிப்புகள்" என்று பொருள் கொண்டு நேற்றைய உபுண்டுவை இதற்குள் தள்ளக் கூடாது.

90-டெஸ்ட் என்பது புதிதாக இறக்கி, இன்னும் சோதிக்காத கோப்புகள் காத்திருக்கும் இடம். சோதித்துத் தேறியவை மட்டுமே மேலே போகும்.

தானியங்கி விடைக்கோப்போடு (நிறுவலின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய கோப்பு) விண்டோஸ் நிறுவும் வசதியைப் பயன்படுத்துபவர்கள் அந்த ஐ.எஸ்.ஓ.வுக்கு 80-ஆட்டோ என்று தனிக் கோப்புறை வைத்துவிடுங்கள். சில விடைக்கோப்புகள் எதையும் கேட்காமலே வட்டை அழித்து நிறுவத் தொடங்கும்; அப்படிப்பட்ட ஒன்று சாதாரண விண்டோஸுக்குப் பக்கத்தில் இருப்பது மிக ஆபத்து.

6. கோப்புக்குப் பெயரிடும் முறை

ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு, புள்ளி. இவற்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இடைவெளியும் வேண்டாம். டிரைவிலிருந்து தொடங்கும் ஒவ்வொரு இயங்குதளமும் தன் சொந்த நிரல்களால் இந்தப் பாதையைப் படிக்கிறது. எல்லாமே இடைவெளியையும் பிற எழுத்துகளையும் ஒழுங்காகக் கையாளும் என்று நம்ப முடியாது. தமிழில் பெயரிட எனக்கும் ஆசைதான். ஆனால் மெனுவைக் காட்டும் கிரப் என்ற தொடக்க நிரல் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோப்பதில்லை. ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் வாசிக்கவே முடியாது.

பெயரின் அமைப்பு: இயங்குதளம், பதிப்பு, வகை, பிட். "மின்ட்-22-எக்ஸ்எஃப்சிஇ-64" என்பது போல. பதிப்பு எண் கட்டாயம் இருக்க வேண்டும். பிட் அளவு கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் கண் தானாக அங்கே போகும். கோப்பு வகையைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. வாலை மட்டும் தொடாதீர்கள். வென்டாய் அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

பெயரை மாற்றும்போது வெளியிட்டவர்கள் இட்ட மூலப்பெயரையும், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் ஷா-256 குறியீட்டையும் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி டேட்டா கோப்புறையில் வையுங்கள். அவர்கள் தரும் சரிபார்ப்புப் பட்டியல் மூலப்பெயரில்தான் இருக்கும்.

7. நகலெடுங்கள், பிறகு நகலைச் சரிபாருங்கள்

பதிவிறக்கிய கோப்பை மட்டும் சரிபார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது பரவலான பிழை. பென் டிரைவில் எழுதப்பட்ட நகல்தானே வேலை செய்யப்போகிறது?

லினக்ஸில் நகலெடுக்கும் பட்டை நூறு விழுக்காட்டைத் தொட்டுவிட்டாலும், தரவு இன்னும் கணினியின் நினைவகத்திலிருந்து டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்போது பிடுங்கினால் கோப்பு பாதிதான். பாதியில் நின்ற எழுத்தைச் சீர்செய்ய உதவும் ஜர்னல் வசதி எக்ஸ்ஃபேட்டில் இல்லை என்பதால் பார்ட்டிஷனே குலையவும் கூடும். முறைப்படி "எஜெக்ட்" கொடுத்து, எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை பொறுங்கள்.

பிறகு டிரைவை எடுத்து மறுபடியும் செருகுங்கள். இது தேவையற்ற சடங்குபோலத் தோன்றும். ஆனால் நகலெடுத்த கையோடு சரிபார்த்தால், கணினி டிரைவிலிருந்து படிக்காமல் நினைவகத்தில் மிச்சமிருக்கும் பிரதியையே படித்துச் சரி என்று சொல்லக்கூடும். மீண்டும் செருகிய பின், விண்டோஸானால் பவர்ஷெல்லில் "கெட்-ஃபைல்ஹாஷ்" கட்டளை, லினக்ஸானால் "ஷா256சம்" கட்டளை. வந்த குறியீட்டை வெளியீட்டாளரின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் வரும்போது வென்டாய் மெனுவிலேயே ஒரு கோப்பின் மேல் நின்று ஆங்கில "எம்" விசையை அழுத்தியும் இதைக் கணக்கிடலாம். எழுதிவைத்த குறிப்புக் கோப்பு அப்போது கைகொடுக்கும். அதைக் கைப்பேசியிலும் ஒரு படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. மாற்றங்களைச் சேமிக்கும் கோப்புகள்

லைவ் லினக்ஸில் செய்த மாற்றங்கள் கணினியை அணைத்ததும் போய்விடும். அவை தங்க வேண்டுமானால், வென்டாயோடு வரும் நிரலைக் கொண்டு ஒரு சேமிப்புக் கோப்பை உருவாக்கி, எந்த ஐ.எஸ்.ஓ.வுக்கு எது என்று பிளக்சனில் இணைக்க வேண்டும். இந்த வசதி எல்லோருக்கும் தேவைப்படாது. தேவையில்லாவிட்டால் தாண்டிப் போங்கள்.

செய்பவர்கள் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. சேமிப்புக் கோப்புக்கு அதன் ஐ.எஸ்.ஓ.வின் பெயரையே, பதிப்பு எண்ணோடு, இடுங்கள். ஒரு பதிப்போடு உருவானதை அடுத்த பதிப்போடு இணைத்தால் பழைய நிரல்களும் புதியவையும் மோதி, தொடங்கவே மறுக்கலாம். பெயர் பொருந்தினால் இந்தக் கலப்பு நேராது.

9. டிரைவர்ஸ் கோப்புறை

பலரும் விட்டுவிடுவது இது. நிறுவல் நடுவழியில் நிற்பதற்கும் இதுவே காரணமாகிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த பல மடிக்கணினிகளில் வட்டைக் கையாளும் வி.எம்.டி. என்ற வசதி இயக்கத்தில் இருக்கும். விண்டோஸ் நிறுவல் திரை வரை எல்லாம் சரியாகப் போகும். பிறகு "எந்த வட்டும் இல்லை" என்று வெறுமையான பெட்டி வரும். வட்டு பழுது என்று முடிவுகட்டி, நல்ல எஸ்.எஸ்.டி.யை மாற்றியவர்களும் உண்டு. தேவைப்படுவது இன்டெல் சேமிப்பக இயக்கி மட்டுமே.

அதை டிரைவர்ஸ் கோப்புறைக்குள் "ஸ்டோரேஜ்" என்ற உட்கோப்புறையில் வையுங்கள். விரித்து வைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நிறுவல் திரையின் "லோட் டிரைவர்" பொத்தான் ஐ.என்.எஃப். கோப்புகளைத் தேடும்; தானே நிறுவிக்கொள்ளும் இ.எக்ஸ்.இ. கோப்பு அங்கே பயன்படாது. இன்னொரு உட்கோப்புறை "நெட்". நிறுவியபின் வைஃபையோ லேன் கேபிளோ இயங்காவிட்டால் மற்ற இயக்கிகளை இறக்கவும் வழியில்லை. விண்டோஸ் 11 தொடக்க அமைப்பின்போதே இணையம் கேட்பதால், இதன் தேவை இப்போது கூடியிருக்கிறது.

10. மெனுவில் தெரியும் பெயர்

பிளக்சனில் கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் மாற்றுப்பெயர் இடலாம். கோப்புறைகளுக்கு மட்டும் இட்டால் போதும் என்பது என் கருத்து. 30-ஓல்ட் என்பதற்கு "32 பிட், 2 ஜி.பி. ரேம்" என்று ஆங்கிலத்தில் விளக்கமான மாற்றுப்பெயர் வைத்தால் வேறொருவர் கையில் கொடுத்தாலும் புரியும். 40-விண்டோஸுக்கு "எச்சரிக்கை: வட்டு அழியலாம்" என்ற பொருளில் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். கோப்பு ஒவ்வொன்றுக்கும் மாற்றுப்பெயர் இட்டால், கோப்பைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதையும் திருத்த வேண்டும்.

அமைப்புக் கோப்பைக் கையால் திருத்துபவர்கள், ஒரு காற்புள்ளி தவறினாலும் அதிலுள்ள அமைப்புகள் செயல்படாமல் போகும் என்பதை நினைவில் வையுங்கள். அதன் அறிகுறி, மெனு திடீரென்று பழைய நீண்ட பட்டியலாக மாறுவது. மெனுவில் எஃப்5 அழுத்தினால் வரும் கருவிகளில் இந்தக் கோப்பைச் சரிபார்க்கும் தேர்வும் இருக்கிறது.

11. இரண்டு வகைக் கணினிகளில் சோதியுங்கள்

பழைய பயாஸ் கணினி ஒன்று, யு.இ.எஃப்.ஐ. கணினி ஒன்று. ஒன்றில் தொடங்குவது மற்றதில் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசை அழுத்தித் தொடக்க மெனுவை வரவழைக்கலாம். ஒவ்வொரு ஐ.எஸ்.ஓ.வையும் அதன் முதல் திரை வரும்வரை தொடங்கிப் பார்த்துவிட்டு, எந்த முறையில் தேறியது என்று குறிப்புக் கோப்பில் எழுதுங்கள்.

செக்யூர் பூட் (நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் உள்ள கணினியில் முதன்முறை நீலத் திரையோடு ஒரு தடை வரும். அதில் "என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்" என்பதைத் தேர்ந்து, வென்டாயின் சிறிய பார்ட்டிஷனில் உள்ள சான்றிதழ்க் கோப்பைக் காட்டி, மறுபடியும் தொடங்கினால் சரியாகும். ஒரு கணினிக்கு ஒருமுறை போதும். இதற்குப் பதிலாகச் செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது சுலபம் என்று தோன்றலாம். அந்தக் கணினியின் விண்டோஸ் பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், அந்த மாற்றத்தைக் கண்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்காமல் அந்த அமைப்பில் கை வைக்காதீர்கள்.

12. புதுப்பிக்கும்போது

புதிய பதிப்பு வந்தால் முதலில் 90-டெஸ்ட் கோப்புறைக்குள் போடுங்கள். சரிபார்த்து, தொடங்கிப் பார்த்து, தேறிய பின் உரிய இடத்துக்கு நகர்த்தி, அதன்பிறகே பழையதை நீக்குங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்துவது நொடியில் முடிந்துவிடும். மறுபடி நகலெடுக்கத் தேவையில்லை.

சேமிப்புக் கோப்பு எதையாவது அந்தப் பழைய ஐ.எஸ்.ஓ.வோடு இணைத்திருந்தால் பிளக்சனில் அந்த இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பாதை தவறியவற்றைப் பிளக்சன் காட்டிக்கொடுக்கும்.

லினக்ஸில் கோப்பு மேலாளர் வழியாக நீக்கினால் அது டிரைவிலேயே மறைந்திருக்கும் குப்பைக் கோப்புறைக்குப் போகும், இடம் விடுபடாது. 6 ஜி.பி. கோப்பை நீக்கியும் இடமில்லை என்று வந்தால் இதுதான் காரணம். டிரைவ் செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலிசெய்யுங்கள், அல்லது ஷிஃப்ட் விசையோடு சேர்த்து டெலீட் அழுத்துங்கள்.